லைனுக்குக் கீழே

அந்த இரும்புக் கோபுரத்தைப் பற்றி யாராவது என்னிடம் பெருமையடித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். போய் வந்தவர்கள் போனைத் தூக்கிப் படம் காட்டுவார்கள். மேகத்துக்கு மேலே நின்றோம், ஊஞ்சலில் ஆடினோம், உயிர் போய் உயிர் வந்தது என்பார்கள். நல்லது, சந்தோஷம். ஆனால் எங்கள் வீட்டில் அதில் முதலில் ஆடியது யார், எப்படி ஆடினாள் என்று கேட்டால் நீங்கள் உங்கள் படங்களை மடித்து வைத்துவிடுவீர்கள்.

குன்னூரைத் தாண்டி, மலை சட்டென்று முடிந்து மேட்டுப்பாளையத்துச் சமவெளியை எட்டிப் பார்க்கிற இடத்தில் எங்கள் எஸ்டேட். தொழிலாளர்களின் வரிசை வீடுகளை அங்கே லைன் என்போம். ரோட்டை ஒட்டி இருப்பது மேல் லைன். அதற்குக் கீழே சரிவில், ஓடைப் பக்கமாக இருப்பது கீழ் லைன். நாங்கள் கீழ் லைன். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு அதைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். அப்பாவே சிலோனைப் பார்த்ததில்லை, ஆனாலும் எங்களுக்குச் சிலோன்காரர்கள் என்றுதான் பெயர். புதிதாக ஒருவரைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது "எந்த லைனு?" என்பதைத்தான். பெயரெல்லாம் அப்புறம்.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது மலை விளிம்பில் இருந்த தேயிலைக் காட்டை ஒரு கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். செடிகளைப் பிடுங்கினார்கள், பாறையைக் குடைந்தார்கள், பெரிய பெரிய இரும்புத் தூண்களை லாரியில் கொண்டுவந்து நட்டார்கள். அது என் அத்தை கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காடு. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணமான ஒரே மாதத்தில் "எனக்கு இது சரிப்படாது" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே திரும்பி வந்தவள். வந்த நாளிலிருந்து எங்களோடுதான். வாயில் எப்போதும் ஒரு சண்டை தயாராக இருக்கும். அப்பாவே அவளிடம் பேசுமுன் ஒரு தடவை யோசித்துக்கொள்வார்.

கோபுரம் எழும்பி ஆட்கள் வர ஆரம்பித்ததும், சாயங்காலமானால் மேலேயிருந்து அலறல் இறங்கி வரும். ஊஞ்சலில் ஆடுகிறவர்களின் அலறல். எங்கள் நாய் வானத்தைப் பார்த்துக் குரைக்கும். அடுப்பில் சோறு கொதிக்கும், மேலே யாரோ "அம்மா!" என்று கத்துவார்கள், அம்மா வெளியே எட்டிப் பார்த்து "யாரு பெத்த புள்ளையோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள்.

கோபுரம் வந்ததில் எனக்கு ஒரு லாபமும் இருந்தது. அதுவரை அத்தை என்னை மேல்ரோடு வழியாகத்தான் ஸ்கூல் வேன் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போவாள். அதற்குப் பிறகு ஓடைப் பாதை. சுற்று வழி, சேறு, மழை நாளில் அட்டைகள் வேறு. ஆனால் ஓடைக் கரையில் தவிட்டுப்பழச் செடிகள் உண்டு. ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பழம், தின்றால் நாக்கும் ஊதா. ஏன் இந்த வழி என்று முதல் நாள் கேட்டேன். "மேல்ரோட்ல என்னாத்தக் கண்ட? தாரும் காருந்தான். இங்கன்னா பழம் இருக்குல்ல" என்றாள் அத்தை. எனக்கு அது மிக நியாயமான பதிலாகப் பட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டீ ஃபாக்டரியில் டீமேக்கராக, அதாவது அப்பாவுக்கெல்லாம் மேலதிகாரியாக, இருந்த ஐயாவின் மகள் என் வகுப்பு. அவள் ஊஞ்சலில் ஆடிவிட்டு வந்து ஒரு வாரம் வேறு எதுவும் பேசவில்லை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது. போகட்டும் என்று விட்டால், ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் எல்லோர் முன்னாலும் "லைன் புள்ளைங்கள்லாம் அதுல ஏறினா மயக்கம் போட்டு விழுந்துருவாங்க" என்றாள். நான் எழுந்து நின்றேன். கையில் சோற்றுப் பருக்கையோடு சத்தியம் பண்ணினேன். நான் ஏறுவேன், கண்ணைக்கூட மூடமாட்டேன், திங்கட்கிழமை வந்து சொல்வேன். வகுப்பு முழுக்கச் சாட்சி. பின்வாங்க வழியே இல்லை.

சத்தியம் பண்ண எனக்குத் தைரியம் கொடுத்தது ஒரு அறிவிப்பு. எஸ்டேட் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்தச் சனிக்கிழமை மட்டும் கோபுரத்தில் எல்லாமே இலவசம் என்று பெரட்டில், அதாவது காலையில் ஆளைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்தில், சொல்லியிருந்தார்கள். அம்மா வரவில்லை, அவளுக்கு ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். அப்பாவுக்கு ஃபாக்டரியில் ஷிஃப்ட். அத்தையும் நானும் கிளம்பினோம்.

அன்று மேல்ரோடு வழியாகவே போனோம். அத்தை ரோட்டின் நட்டநடுவில் நடந்தாள். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. "அத்தே, ஓரமா வா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "ஏன், ரோடு தேஞ்சா போயிரும்?" என்றாள். ரோட்டின் குறுக்கே ஒரு இரும்புச் சங்கிலி இருந்தது. அதை இறக்கிவிட்டு நின்ற வாட்ச்மேனை அத்தை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் மேல் லைன்காரர், எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். ஏனோ அன்று அவர் எங்களைப் பார்க்காமல் சங்கிலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோபுரத்தில் லிஃப்டில் ஏறினோம். உச்சியில் முதலில் ஒரு கண்ணாடித் தரை. காசு கொடுத்து வந்த டூரிஸ்ட்டுகளும் அன்று நிறையப் பேர். அதில் கால் வைக்கப் பயந்து ஒரு பெரிய மனிதர் தவழ்ந்துகொண்டிருந்தார். அத்தை குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு நடுவில் போய் நின்றாள். குனிந்து கீழே பார்த்தாள். பாதாளத்தைப் பார்த்து வாயைப் பிளக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "பாரு, கவாத்து வெட்டாம விட்டுட்டானுங்க. செடியெல்லாம் ஆளு ஒசரத்துக்கு வளந்துருச்சு" என்றாள். அடுத்து கம்பியில் ஓடுகிற சைக்கிள். அதற்குப் பெரிய வரிசை நின்றது. எனக்கு அது எதுவும் வேண்டாம். எனக்கு ஊஞ்சல்.

ஊஞ்சல் கோபுரத்தின் விளிம்பில் தொங்கியது. பின்னால் இழுத்து விட்டால் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஆகாசத்துக்குள் போகும். அடியில் ஒன்றும் கிடையாது, எங்கள் மலைகூடக் கிடையாது. வாசலில் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ஆடப் போகிறவர்களுக்குப் பெல்ட் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் முறை வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"இல்லீங்கக்கா. லைனுக்குக் கீழ இருக்கறவங்கள ஏத்த முடியாதுங்க."

ஊஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்த அத்தை மெதுவாகத் திரும்பினாள்.

"என்னா சொன்ன?"

"லைனுக்குக் கீழ இருந்தா ஏத்த மாட்டோமுங்க."

"நாங்க கீழ் லைனுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாருங்க சொல்லோணும்? பாத்தாலே தெரியுதுங்களே."

அத்தை சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அதைப் பார்த்தால் எங்கள் லைனில் நாய்கூட ஒதுங்கிப் போகும்.

"அப்ப மேல் லைன்னா ஏத்துவ?"

"லைனுக்கு மேல இருந்தா யாரா இருந்தாலும் ஏத்துவோமுங்க."

"யாருய்யா போட்ட சட்டம் இது?"

"கம்பெனி ரூல்ஸுங்க. எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"பாதுகாப்பா? எங்ககிட்டருந்தா? நாங்க என்னா, ஊஞ்சலக் கழட்டித் தூக்கிட்டா போயிருவோம்? ஃப்ரீன்னு கூப்புட்டு வாசல்ல நிக்க வச்சு அசிங்கப்படுத்துவீங்களா? இந்த எடத்துல நான் கொழுந்து பறிச்சேன்டா! இந்த எடத்துல!"

பையன் பாவம், பெல்ட்டைப் பிடித்தபடி முழித்தான். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. வாசலுக்குப் பக்கத்தில் மரத்தில் வெட்டிய ஒட்டகச்சிவிங்கி ஒன்று நின்றது. அதன் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. "அத்தே, அந்த லைன் இல்ல அத்தே" என்றேன். "நீ சும்மா இரு புள்ள" என்றாள். வேறு வழியில்லாமல் ஓடிப்போய் ஒட்டகச்சிவிங்கிப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, என் தலைமேல் கையை வைத்துக் காட்டினேன். கோடு என் தலைக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. எம்பினால் தொட்டுவிடலாம். எம்பியும் பார்த்தேன்.

பையனுக்கு உயிர் வந்தது. "ஆமாங்கக்கா, ஒயரமுங்க, பாப்பா ஒயரத்தத்தான் சொன்னனுங்க!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. தவழ்ந்த பெரிய மனிதர்கூடச் சிரித்தார்.

அத்தை அந்தக் கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இனி என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக லிஃப்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் நேராக நடந்து வந்து என்னை நகர்த்திவிட்டு ஒட்டகச்சிவிங்கியோடு முதுகை ஒட்டி நின்றாள்.

"நான் கோட்டுக்கு மேல இருக்கேனா, இல்லையா?"

"இருக்கீங்கக்கா. ஆனா சேலையோட பெல்ட் நிக்காதுங்க..."

"சேலையோடதான்டா இந்த மலைய ஏறி எறங்குறேன்."

மழைக்கு இருக்கட்டும் என்று படங்கைப் பையில் கொண்டுவந்திருந்தாள். செடி குத்தாமல், ஈரம் ஏறாமல் இருக்க, கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தார்ப்பாய் அது. சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, மேலே படங்கைச் சுற்றி, கயிற்றால் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். வேலைக்குப் போகிறவள் மாதிரியே நின்றாள். பையன் அதன்மேல் பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்த்தான். "நாங்க கட்டறதவிட டைட்டாத்தானுங்க இருக்குது" என்றான்.

எனக்கு அழுகை முட்டியது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். அது என் ஊஞ்சல், என் சத்தியம், என் திங்கட்கிழமை. அவள் எனக்காகச் சண்டை போட வந்தவளா, என் இடத்தில் ஏறி உட்கார வந்தவளா?

ஊஞ்சலைப் பின்னால் இழுத்து விட்டார்கள். அத்தை சுவரைத் தாண்டி ஆகாசத்துக்குள் போனாள். முதல் வீச்சில் சத்தமே இல்லை. கண் திறந்திருந்தது, நான் பார்த்தேன். இரண்டாவது வீச்சில் இன்னும் உயரம். எல்லோரும் "அம்மா" என்றும் "ஐயோ" என்றும் கத்துகிற அந்த உச்சியில் அத்தை கத்தினாள்.

"கீழ் லைன்! கீழ் லை...ன்!"

பள்ளத்தாக்கு அதை வாங்கிக்கொண்டு திருப்பிச் சொன்னது. மூன்றாவது வீச்சிலும் கத்தினாள். நான்காவதிலும். ஊஞ்சல் நிற்கும்வரை விடவில்லை. கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோனது. யாரோ ஒருவர் கைதட்டினார். எனக்குத்தான் மானம் போனது, முகத்தைத் தூணுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

இறங்கியதும் பெல்ட்டைக் கழற்றிவிட்டபடி "பயமா இல்லீங்களாக்கா?" என்று கேட்டான் பையன்.

"பயமாத்தான் இருந்துச்சு. அதுக்கு என்னா இப்ப?" என்றாள் அத்தை, படங்கை அவிழ்த்து மடித்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்தால் கீழ் லைனே குழாயடியில் நின்றது. அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது. எத்தனையோ நாள் யார் யாருடைய அலறலோ எங்கள் கூரைமேல் விழுந்திருக்கிறது. அன்றைக்குத்தான் முதன்முதலாக எங்கள் பெயர் விழுந்தது. அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், பிறகு ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். "அப்ப நீ ஏறல" என்றாள் டீமேக்கர் மகள். "நான் வளந்துருவேன். நீ என்ன பண்ணுவ?" என்றேன். உண்மையில் எனக்கே அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாது, ஆனால் வகுப்பு என் பக்கம் வந்துவிட்டது.

அதன் பிறகு பல வருஷம் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லி வந்தேன். ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டு ஊரைக் கூட்டிய அத்தை. கல்லூரி ஹாஸ்டலில் இதைச் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். போன தீபாவளி லீவில் என்னோடு வந்த ஒரு சிநேகிதிக்கு வீட்டில் வைத்தே நடித்துக் காட்டினேன். அத்தையும் சேர்ந்துதான் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அத்தை வெளியே போனதும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அவ ஒண்ணும் தப்பாக் கேக்கலடி. கோபுரம் வந்ததும் டூரிஸ்ட் காருக்காக மேல்ரோட்ல செயின் போட்டானுங்கல்ல, அன்னையிலருந்து ஒங்க அத்தைகிட்ட வாட்ச்மேன் சொன்னது அதத்தான். கீழ் லைன் ஆளுங்கள இந்தப் பக்கம் விட முடியாதும்மா, சுத்திப் போங்கன்னு. ஒன்னையக் கையில பிடிச்சிக்கிட்டுப் போயி அந்தப் பேச்சக் கேக்க வைக்க அவளுக்கு மனசு வரல."

நான் சிநேகிதியைப் பார்க்காமல் எழுந்து வெளியே வந்தேன். ஓடைப் பாதை மழையில் சேறாகிக் கிடந்தது. தவிட்டுப்பழம் வருஷத்தில் கொஞ்ச நாள்தான் காய்க்கும். செடியில் ஒரு பூகூட இல்லாத மாதங்களிலும் "இன்னைக்குப் பழுத்திருக்கும், வா புள்ள, பாக்கலாம்" என்று அத்தை என்னை அந்த வழியாகவே கூட்டிப் போனாள். ஒவ்வொரு நாளும் நானும் ஆசையாகச் செடிசெடியாகத் தேடிக்கொண்டு போனேன்.