விசில் அடிக்காத குக்கர்

அம்மா வீட்டு அடுப்பங்கரையில் விசில் அடிக்காத குக்கர் ஒன்று இருக்கிறது. ரப்பர் வளையம் கிடையாது, மூடியின் மேல் வெயிட் கிடையாது, அடிப்பாகம் உள்ளும் புறமும் கரிந்து கிடக்கிறது. அதில் ஒரு பிடி பருப்பைக்கூட வேகவைக்க முடியாது. வீட்டுக்கு வருகிறவர்கள், இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாமே என்பார்கள். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். அவர்கள் போன பிறகு அதைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைப்பாள்.

அதைக் கெடுத்தவன் என் தம்பி. குடவாசல் பக்கம் எங்கள் ஊர்; அப்பாவுக்குக் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. தம்பி அறுவடை மிஷின் ஓட்டினான். தை, மாசியில் அவனைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். உடம்பெல்லாம் வைக்கோல் தூசியோடு வந்து விழுவான், விடிந்தால் ஆளிருக்கமாட்டான். வேலையில்லாத மாதங்களில் அவனுக்குக் கை சும்மா இருக்காது. அப்படி ஒரு கோடையில் கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, ஓவன் இல்லாமலே சாக்லேட் குக்கீஸ் போடலாம், ரொம்ப சுலபம் என்று அம்மாவின் குக்கரைக் கேட்டான். அம்மா கொடுக்கவில்லை. சோறாக்குகிற பாத்திரத்தில் விளையாடாதே என்று திட்டிக்கொண்டே கொல்லைக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, குக்கரில் கல்லுப்பு பரப்பி அடுப்பில் ஏற்றிவிட்டான்.

அந்தச் சமயம் நானும் தஞ்சாவூரிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் வரும்போதெல்லாம் அதைப் போடுவான். வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் குழைத்து, மைதாவும் கோகோ பவுடரும் ஆப்பச் சோடாவும் சலித்துப் போட்டு, கொஞ்சம் பால் தெளித்துப் பிசைவான். சாக்லேட் கட்டியை அம்மிக்குழவியால் தட்டி உடைத்து அதில் சேர்ப்பான். அவ்வளவு பெரிய மிஷினைச் சேற்றில் திருப்புகிற கை, நெல்லிக்காய் அளவு உருட்டித் தட்டில் வைக்கும்போது பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் தட்டில் வைப்பதற்கு முன்னால் அவனுக்கு ஒரு சட்டம் உண்டு. பச்சை மாவில் ஒரு துளி எடுத்து எல்லார் வாயிலும் வைப்பான். "சக்கரை போதுமாக்கா?" என்பான். போதும் என்றாலும் சரி, திகட்டுகிறது என்றாலும் சரி, இன்னும் ஒரு கரண்டி போடுவான். பிறகு எதற்குடா கேட்கிறாய் என்றால் சிரித்துக்கொண்டே தட்டைக் குக்கருக்குள் இறக்குவான். என்னை அடுப்புக்குக் காவல் வைத்துவிட்டுக் கொல்லையில் போய் உட்கார்ந்துகொள்வான். வாசனை வந்ததும் அங்கிருந்தே, "நிறுத்துக்கா, நிறுத்துக்கா" என்று சத்தம் போடுவான். விசில் இல்லாத குக்கருக்கு அவன்தான் விசில் என்று அப்பா கேலி செய்வார்.

போன வருஷம் மாசியில், பக்கத்து ஊரில் மிஷினை நிறுத்திவிட்டு பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் அறுத்த நெல்லைத் தார்ச்சாலையில்தான் காயப்போடுவோம். களம் போதாது, ஈரம் இருந்தால் அரசாங்கக் கொள்முதலில் எடுக்கமாட்டார்கள். பரப்பிக் கிடந்த நெல்லில் வண்டி வழுக்கியது. எதிரில் லாரி. யாரைப் போய்க் கேட்பது? அதற்கு முந்தின வாரம் அதே சாலையில் எங்கள் நெல் காய்ந்தது. அதைக் காலால் துழாவித் துழாவிக் காயவைத்தவன் அவன்தான். நெல்லைப் பார்த்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அதைத்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்பது அதைவிட எரிகிறது.

முதல் வருஷத் திதிக்கு முன்னால் அம்மா போன் செய்தாள். இட்லி, வடை, பாயசம் எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகவும், அவனுடைய பிஸ்கோத்தை மட்டும் நான் வந்து போட்டுத் தர வேண்டும் என்றும் சொன்னாள். பெற்றவள் பிள்ளைக்குப் படைக்கிற கொடுமையில், அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். படையலில் பிஸ்கோத்தா என்று பெரியம்மா முகவாயில் கை வைத்தாள். அம்மா காதில் வாங்கவில்லை.

காலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு அடுப்பங்கரைக்குள் போனேன். எங்கள் வீட்டில் படையலுக்குச் செய்வது எதையும் ருசி பார்க்கக் கூடாது. உப்பு, புளி எல்லாம் கைக்கணக்குதான். மாவைப் பிசைந்து முடித்ததும் பழக்கதோஷத்தில் என் விரல் வாய்க்குப் போனது. வடை தட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். விரலைத் துணியில் துடைத்துக்கொண்டேன். அவன் செய்கிறபோது தட்டில் பரவுவதுபோல் அன்று பரவவில்லை, உருட்டி வைத்தது வைத்தபடி நின்றது. தீ குறைவோ என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். அப்பா எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லை மதிலில் காக்காவுக்கு வைத்தார். கூப்பிட்டதும் வந்துவிட்டது. இட்லியைத் தின்றது, வடையைத் தின்றது. பிஸ்கோத்தை ஒரு கொத்து கொத்திக் கீழே தள்ளிவிட்டுப் பறந்துபோயிற்று. "புள்ளைக்கு ஏதோ மனக்குறை" என்றாள் பெரியம்மா.

அம்மா உள்ளே போய், இலையிலிருந்த ஒன்றை எடுத்துக் கடித்தாள். நானும் கடித்தேன். கசப்பு. வெறும் கோகோ, வெறும் மைதா. அடுப்பங்கரைக்கு ஓடினேன். பொடித்த சர்க்கரை மிக்ஸி ஜாரில் அப்படியே இருந்தது, மூடியைக்கூட நான் திறக்கவில்லை. ஜாரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. ஒரு வருஷம் கழித்து வந்த பிள்ளைக்குக் கசப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டோமே என்றிருந்தது.

அம்மா வந்தாள். திட்டவில்லை. மீதியிருந்த வெண்ணெயையும் மைதாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். "திரும்பப் போடு. இந்தத் தடவ ருசி பாத்துப் போடு" என்றாள். படையலுக்கு எப்படி ருசி பார்ப்பது என்று பெரியம்மா வாசற்படியில் நின்று தடுத்தாள். அம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எச்சில் படாம குடுக்க அவன் என்ன சாமியா? எம் புள்ள."

கூடத்தில் சொந்தக்காரர்கள் பசியோடு காத்திருந்தார்கள். நான் மறுபடி பிசைந்தேன். அம்மா ஒரு துளி மாவை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொரு துளியை என் வாயில் வைத்தாள். "சக்கரை போதுமா?" என்று கேட்டாள். போதும் என்று தலையாட்டினேன். அம்மா இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டாள்.

குக்கரை ஏற்றிவிட்டு இருவரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. அம்மா கொல்லைப் பக்கம் பார்த்தாள், நானும் பார்த்தேன். அடுப்பை நிறுத்தக் கை எழவில்லை. அவன் குரலுக்காகக் காத்திருந்ததில் அடி கொஞ்சம் கரிந்துபோயிற்று.