பிலோமினா காயவைத்த ஏத்தங்காய்த் தோல்

செவ்வாய்க்கிழமை காலை பூவாரிலிருந்து பிலோமினாவின் அண்ணன் வந்தார். “டீச்சரே, நம்ம பிலோமி போயிட்டா” என்றார். மூன்று நாள் காய்ச்சல். என்னைவிட இருபத்தாறு வயது இளையவள். இந்த வரிசை எனக்குச் சம்மதமில்லை.

கல்லூரி மாணவிகளான உங்களுக்கு அவள் வேதியியல் ஆசிரியை. எனக்கு, தொண்ணூற்றிரண்டு முதல் நான்கு ஆண்டுகள் பாறசாலையில் என் வீட்டு மாடியில் குடியிருந்தவள். முனைவர் பட்ட ஆய்வுக்காக, நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கும் வற்றல் கடையில் சீவி எறியும் ஏத்தங்காய்த் தோலைச் சாக்கில் கொண்டுவருவாள்.

“மாட்டுக்குள்ளதை நீ கொண்டுபோனா பசு என்னத்தைத் தின்னும்?” என்று கடைக்காரர் கேட்டாராம்.

“பசுவுக்குப் பண்டே புத்தி உண்டு அண்ணாச்சி. நமக்கு இப்பத்தான் வருது.”

எண்ணெயைக் காறவைக்கும் அதே ஆக்சிஜன் நம் உடம்பையும் கெடுக்கிறது என்றும், அதைத் தடுக்கும் பொருள்கள் தோலில் இருக்கின்றன என்றும் எனக்கு விளக்கினாள். “காய்க்குக் காவல் தோலாக்கும் டீச்சர். காவல்காரன் வெறுங்கையோட நிப்பானா?”

ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தாள். மாடியறை நிழலில் பரப்பிய தோல் கறுத்துக் கிடந்தது. என் வீட்டில் அப்படி எதுவும் கிடந்ததில்லை. வெந்நீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, பழையபடி பரப்பிவிட்டேன்.

அவளுடைய சோதனையில், தோலின் சாற்றை விட்டால் ஊதாக் கரைசல் மஞ்சளாக வேண்டும். அந்த முறை நிறம் அசையவே இல்லை. அந்த மாதத்துக்குள் முடிவைக் காட்டாவிட்டால் ஒரு வருடம் வீண். தன் அளவுதான் பிழை என்று திரும்பத் திரும்பச் செய்தாள். நான் ஐந்து நாள் வாய் திறக்கவில்லை. கான்வென்ட் பள்ளியில், மைக்கறையை மறைத்த மாணவிகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவள் நான்.

ஆறாம் நாள் அவள் சாப்பிடாமல் கல்லூரிக்குக் கிளம்பினாள். படியில் நிறுத்திச் சொன்னேன்.

“வெயில்ல போட்டது நானாக்கும்.”

“கழுவினதும் உண்டா?”

“வெந்நீரில்.”

படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். “எனக்க மூளை போச்சுன்னு பயந்துட்டேன் டீச்சர்.” பிறகு நோட்டை எடுத்தாள். எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் வெயில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.

நிழலில் காய்ந்த புதுத் தோலில் கரைசல் மஞ்சளானது. வெந்நீரும் வெயிலும் தோலின் காவலை அழித்ததற்குச் சான்றாக, என்னுடையதையும் அவள் எறியவில்லை. ஆய்வேட்டில் அதற்குத் தனி அட்டவணை போட்டாள். நன்றியுரையில், ‘வெயிலில் உலர்த்தியதைத் தாமே சொன்ன டீச்சருக்கு’ என்று எழுதினாள்.

“ஐந்து நாள் ஒளித்ததையும் எழுது” என்றேன்.

“எனக்கு உபகாரம் ஆறாம் நாளாக்கும்” என்றாள்.

எழுபது கடந்த பிறகும் பிழை செய்கிறேன். இப்போது அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். கான்வென்டில் கற்றதல்ல இது. பிலோமினா தந்தது.