ஏழாம் கிணற்றின் சரி

கரவெட்டியில் ஏழு தோட்டக் கிணறுகளின் உப்புத்தன்மையை அளப்பது என் வேலை. ஒவ்வொரு கிணற்றடியிலும் அளவுகளைப் பதிந்து வைக்கும் பழைய பெட்டி ஒன்று உண்டு. முன்பிருந்த சென்சர்கள் எப்போதும் கூட்டியே காட்டும். அதனால் வரும் அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்கும்படி பெட்டிகளில் நானே பதிந்திருந்தேன்.

சென்ற ஆண்டு புதிய சென்சர்கள் வந்தன. தமக்கான திருத்தத்தை அவை உள்ளேயே வைத்திருக்கும். பழைய பெட்டியில் செருகினால் போதும். நான் செய்யவேண்டியது ஒன்றுதான்: பழைய கழிவை அழிப்பது. அழிக்காவிட்டால் சரியான அளவிலிருந்தும் பெட்டி கழித்துவிடும். அழித்ததும் சரி அடையாளம் போடவென்றே என் குறிப்புக் கொப்பியில் ஒரு நிரல் கோடிட்டு வைத்தேன்.

ஆறு கிணறுகளில் அழித்த பிறகே சரி போட்டேன். ஏழாவது, தனியாக வெங்காயம் செய்யும் ஓர் அக்காவின் கிணறு. சென்சரைச் செருகிய நேரம் அவர் கூப்பிட்டார்.

"தம்பி, தேத்தண்ணி ஆறுது. உந்தப் பெட்டி எங்கையும் ஓடாது."

வந்து அழிக்கலாம் என்று எண்ணி, சரியை முதலில் போட்டுவிட்டு எழுந்தேன். திரும்பி வந்து கொப்பியைப் பார்த்தேன். சரி இருந்தது. பெட்டியைப் பூட்டினேன்.

மூன்றாம் வாரம் அவரே மறித்துக் கேட்டார். "தண்ணி உப்புக் கரிக்குது தம்பி. பக்கத்துத் தோட்டக்காரர் தன்ரை கிணத்திலை இறைக்கச் சொல்லுறார். என்ன செய்ய?"

பெட்டியில் அளவு வெங்காயம் தாங்கும் எல்லைக்குள்தான் இருந்தது. "உங்கடை கிணத்திலையே இறையுங்கோ அக்கா. நாக்குப் பிழை விடும், இது விடாது." கொப்பியையும் விரித்துக் காட்டினேன்.

"ஓம், இவ்வளவு வடிவாக் கோடு போடுறவர் சொன்னால் சரிதானே" என்றார்.

பத்து நாளில் வெங்காயத் தாள்களின் நுனி கருகியது. கையில் கொண்டுபோகும் மானியால் அளந்தேன். பெட்டி காட்டியதைவிட உப்பு கூடுதலாக இருந்தது. பெட்டிக்குள் பழைய கழிவு அப்படியே இருந்தது. உடனே அழித்தேன்.

"பெட்டியோ பிழை விட்டது?" என்று அவர் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அன்றைய பக்கத்தில் "பெட்டியில் கோளாறு, சரிசெய்யப்பட்டது" என்று எழுதினேன். இருபது ஆண்டுக் கொப்பிகளில் நான் அறிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை தோட்டத்துக்குப் போனேன். அவர் பாதிப் பாத்திகளின் வெங்காயத்தைப் பிடுங்கிக் குவித்திருந்தார்.

"அக்கா, பெட்டி இல்லை. நான்தான். அழிக்காமலே அழிச்சனெண்டு சரி போட்டனான்."

அவர் கையிலிருந்த பிடியையும் குவியலில் போட்டார்.

"இப்ப அது காட்டுறது சரியோ?"

"சரி அக்கா."

அவர் கிணற்றிலிருந்து ஒரு வாளி அள்ளினார். கோப்பையில் வார்த்து என்னிடம் நீட்டினார்.

"முதல் குடிச்சுப்போட்டுச் சொல்லும்."

குடித்தேன். உப்புக் கரித்தது.