பூக்கட்டிப் பார்த்துச் சேர்ந்த படிப்பு

பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் எந்தக் கடை வாசலில் காவலுக்கு நிற்பது என்று நான் யோசிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. கொரோனா அடங்கி ரயில்கள் பழையபடி ஓடத் தொடங்கிய வருஷம். ஆனி மாதம் விடுப்பில் எங்கள் ஊர் தச்சநல்லூருக்கு வந்திருந்தேன். வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. சோறும் இறங்கவில்லை.

நான் ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் கம்பி இழுக்கிறவன். கம்பிச் சுருளை முதுகில் கட்டிக்கொண்டு மலையிலும் மணலிலும் நடந்து, ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குத் தொலைபேசி இணைப்புக் கொடுப்பது வேலை. மூட்டு தேய்ந்துவிட்டது. கம்பிக்கும் தேவை குறைந்துகொண்டே வந்தது. எங்கள் சுபேதார் ஒரு நாள் கூப்பிட்டு நேராகச் சொன்னார். கம்ப்யூட்டர் வேலைக்கு உள்ளேயே ஆள் எடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் பட்டம் இருந்தால் எனக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் வயது வரம்பு இருக்கிறது. இந்த வருஷம் படிப்பில் சேர்ந்தால் வரம்புக்குள் முடியும். தவறினால் கம்பியோடு வந்தவன் கம்பியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளஸ் ஒன் பாதியில் விட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, அதை விட்டு மும்பையில் ஹோட்டல் வேலை, அதையும் விட்டு லாரியில் கிளீனர். எந்த ஊரிலும் பாய் விரித்த இடம் சூடாகும் வரை இருந்ததில்லை. பட்டாளத்தில் நிலைத்ததற்குக் காரணம், அங்கிருந்து நினைத்தவுடன் கிளம்ப முடியாது என்பதுதான். பிளஸ் டூவைப் பட்டாளத்தில் இருந்தபடியே தனியாக எழுதித் தேறினேன். அதற்கு மேல் படிப்பு என்றால் எனக்குப் பயம். அதிலும் ஆங்கிலம், கணக்கு.

என் மனைவி செண்பகத்தின் தம்பி கணேசன் தச்சநல்லூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனாகவே வழி சொன்னான்.

"அத்தான், நீங்க எதுக்கு மண்டைய உடைக்கிய? போட்டோவும் ஆதாரும் மட்டும் குடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு. படிக்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். பட்டம் தபால்ல வீட்டுக்கு வந்துரும்."

அவன் கெட்டவன் இல்லை. அக்காள் புருஷன் கஷ்டப்படுகிறானே என்று சொன்னான். எனக்கும் ஆசை வந்தது. இன்னொரு வழி, தமிழ் வழியில் வரலாறு. தபாலில் படித்து எளிதாகத் தேறிவிடலாம். ஒரு பட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கம்பியை விட்டு நகர முடியாது. மூன்றாவது, அரசு அங்கீகாரம் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் கம்ப்யூட்டர் படிப்பு. மூன்று வருஷம். எல்லாம் ஆங்கிலம்.

எனக்கு எதையும் தீர்மானிக்க முடியாதபோது முருகனிடம் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். காலையில் ஆற்றில் குளித்துவிட்டு, செண்பகத்தோடு குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் போனேன். காகிதத்தில் மூன்று பொட்டலம் கட்டினேன். கணேசன் சொன்ன வழிக்குச் சிவப்பு அரளி. வரலாற்றுக்கு மஞ்சள் அரளி. கம்ப்யூட்டர் படிப்புக்கு வெள்ளை நந்தியாவட்டை. செண்பகம் எது எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. பையத்தான் கேட்டாள்.

"திருட்டு வழியையும் ஒரு பொட்டலமாக் கட்டி சாமி முன்னால வைப்பியளோ? அது வந்துட்டா, முருகன்தான் சொன்னாருன்னு சொல்லுவியளா?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் தெரிந்த கேள்வியைச் சாமியிடம் கேட்க வந்திருக்கிறேன். சாமி தலையில் பழியைப் போட ஒரு பொட்டலம் கட்டியிருக்கிறேன். அந்தச் சிவப்புப் பூவைப் பிரித்து ஆற்றில் விட்டேன். மிச்சம் இரண்டு. பூசகர் அவற்றை முருகன் பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தார். சாமி கும்பிட வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தது.

உண்மையைச் சொன்னால் மனதுக்குள் மஞ்சளைத்தான் எதிர்பார்த்தேன். "சரி, நீ சொல்லிட்ட. வழிக்கு நீ பொறுப்பு, நடைக்கு நான் பொறுப்பு" என்று அங்கேயே முருகனிடம் சொன்னேன். கணேசன் கடையிலேயே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன். அவன் கொஞ்சம் கோபப்பட்டான். ஆனாலும் எல்லாவற்றையும் சரியாகப் பதிந்து கொடுத்தான்.

முகாமுக்குத் திரும்பிய பிறகுதான் பரீட்சை விதிகளை முழுதாகப் படித்தேன். ஆன்லைன் என்றால் எங்கிருந்தும் எழுதலாம் என்று நினைத்துச் சேர்ந்திருந்தேன். எங்கிருந்தும் எழுதலாம்தான். ஆனால் கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எழுதத் தொடங்கும் முன் அறையின் நாலு சுவரையும் கேமராவில் சுற்றிக் காட்ட வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அறை முழுவதும் தெரிய வேண்டும். பட்டாளத்துக்கோ அறையின் ஒரு மூலைகூட வெளியே தெரியக் கூடாது. முகாமுக்குள் கேமராவைத் திறந்தால் படிப்பும் போகும், வேலையும் போகும். பட்டாளத்துக்காரன் ஒருவன்தான் இப்படி மாட்டிக்கொள்வான்.

அன்றைக்கு மனம் உடைந்தது. வெள்ளைப் பூ ஏமாற்றிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பழைய நானாக இருந்தால் அன்றே விட்டிருப்பேன். ஆனால் நடைக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் கணக்குப் போட்டேன். வருஷத்தில் பரீட்சை இரண்டு தடவை. இருக்கிற விடுப்பை இரண்டாக வெட்டி, பரீட்சைக்கு மட்டும் ஊருக்குப் போவது. தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது, சஷ்டி கிடையாது. சஷ்டிக்குத் திருச்செந்தூர் போகாமல் இருந்ததுதான் பெரிய கஷ்டம்.

முகாமில் எனக்குக் கம்ப்யூட்டரும் கிடையாது. வாரம் ஒரு முறை பஜாருக்குப் போக அனுமதி கிடைக்கும்போது ஒரு டீக்கடையில் உட்கார்ந்து போனில் பாடங்களைப் பார்ப்பேன். முக்கியமானதை அட்டைப் பெட்டியின் உள்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். வாரம் முழுவதும் அதையே பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் கம்ப்யூட்டர் நிரல் எழுதிப் பழகினேன். கம்ப்யூட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் படித்தேன். முதல் பருவத்தில் கணக்கில் தோற்றேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் தோற்றேன். மூன்றாவது தடவை தேறினேன். எழுத உட்காரும்போதெல்லாம் "சரவணபவ" என்று சொல்லிவிட்டுத் தொடங்குவேன். அதைத் தவிர எனக்கு வேறு மந்திரம் தெரியாது.

இப்படி ஐந்து பருவம் முடிந்தது. கடைசிப் பருவத்துக்கு வந்தபோது கதவு மூடியது. எங்கள் பிரிவு பெரிய பயிற்சி ஒன்றுக்குப் போனது. பயிற்சி முடியும் வரை எங்கள் குழுவில் ஒரே ஒருவருக்குத்தான் விடுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அந்த விடுப்பு சங்கரலிங்கத்துக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது. அவர் கல்லிடைக்குறிச்சிக்காரர், என்னோடு கம்பி இழுக்கிறவர், என் படிப்பு விஷயமெல்லாம் தெரிந்தவர். மகளுக்குத் திருச்செந்தூரில் காதுகுத்து வைத்திருந்தார். மண்டபம் பிடித்து, தாய்மாமன் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. அந்தப் பரீட்சையை நான் தவறவிட்டால் அடுத்தது வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும். மூன்று வருஷமும் வீண்.

அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முருகனுக்கு வேண்டிக்கொண்ட காரியத்தை எனக்காகத் தள்ளிவை என்று எப்படிக் கேட்பது? பயிற்சியே நின்றுபோக வேண்டும் என்று முருகனிடம் வேண்டினேன். பயிற்சி நிற்கவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தோம். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"வே முத்து, லீவை நீரு எடுத்துக்கிடும். மேல பேசிட்டேன்."

"பிள்ளைக்குக் காதுகுத்து வச்சிருக்கீரே வே."

"காது எங்கயும் ஓடிப் போகாது. உம்ம பரீட்சை ஓடிப் போயிரும்."

"உம்ம வீட்டுல என்ன சொல்லுவாவ?"

"ஏசுவா. ஏசி முடிச்சிட்டு சரிம்பா. முருகனுக்குத்தான் பதில் சொல்லணும். தள்ளி வச்சதுக்கு முத்துதான் காரணம்னு நீரே போய் சொல்லிரும். எனக்குப் பொல்லாப்பு வேண்டாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே அழுதேன். நான் வேண்டியது ஒன்று, முருகன் கொடுத்தது வேறு. பயிற்சியை நிறுத்தச் சொன்னேன். அவன் தன் சன்னிதியில் நடக்கவேண்டிய விசேஷத்தைத் தள்ளிவைத்து எனக்கு இடம் கொடுத்தான். அப்படித்தான் நான் நம்புகிறேன்.

ஊருக்கு வந்தால் அங்கே இன்னொரு சோதனை. பரீட்சை அன்றைக்கு எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. ஒலிபெருக்கிக் குழாய் எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தது. பரீட்சையில் வேறு குரல் கேட்டால் முதலில் எச்சரிக்கை வரும். தொடர்ந்து கேட்டால் தாளே ரத்தாகும். செண்பகம் கொடையை நடத்துகிற அண்ணாச்சியிடம் போனாள். கொடையன்றைக்கு ரேடியோவை, அதாவது ஒலிபெருக்கிப் பாட்டை, நிறுத்தச் சொல்வது சின்ன விஷயமில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு வெட்டுக்குத்துகூட நடந்திருக்கிறது. அவள் விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி பரீட்சை எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டாராம். பிறகு ரேடியோ போடுகிற ஆளைக் கூப்பிட்டுச் சொன்னாராம்.

"மதிய பூசை வரைக்கும் செட்ட நிப்பாட்டு. பட்டாளத்துப் பிள்ளை பரீட்சை எழுதுதான். அம்மன் கொஞ்ச நேரம் பாட்டுக் கேக்காம இருந்துக்கிடுவா."

தெருவே அமைதியானது. அண்ணாச்சி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேளக்காரர்களையும் பேசவிடாமல் பார்த்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள். நான் கேமராவில் நாலு சுவரையும் சுற்றிக் காட்டினேன். ஒரு சுவரில் முருகன் படம் இருந்தது. அதையும் காட்டினேன். எழுதினேன். முடித்துவிட்டு வெளியே வந்து கையைக் காட்டிய பிறகுதான் பாட்டு மறுபடி கிளம்பியது. என்னால் கெட்ட நேரத்துக்கெல்லாம் சேர்த்துச் சத்தமாகவே போட்டார்கள்.

தேறினேன். முதல் வகுப்பு இல்லை. தேறினேன், அவ்வளவுதான். வயது வரம்புக்குள் விண்ணப்பித்தேன். நேர்காணலில் இந்தப் பட்டம் எங்கே, எப்படிப் படித்தது என்று துருவித் துருவிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் நிமிர்ந்து பதில் சொன்னேன். ஒரு நிரலைக் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் எழுதச் சொல்லியிருந்தால் தடுமாறியிருப்பேன். காகிதத்தில் எழுதுவதுதானே மூன்று வருஷமாக என் பழக்கம். தேர்ந்தெடுத்தார்கள்.

இப்போது கம்ப்யூட்டர் அறையில் வேலை. மூட்டுவலி குறைந்திருக்கிறது. பதவி உயர்வுக்கான வரிசையில் என் பெயரும் இருக்கிறது. போன தைப்பூசத்துக்குத் தச்சநல்லூரிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தே போனேன். காதுகுத்தைத் தள்ளிவைத்த பழியைச் சங்கரலிங்கம் சொன்னபடியே என் பேரில் ஏற்றுக்கொண்டேன். ஆனால் எனக்குப் பெரிய மாற்றம் வேலையில் இல்லை. வாழ்க்கையில் ஒரு பெரிய காரியத்தைத் தொடங்கி நான் முடித்தது இதுதான் முதல் தடவை. ஊர் ஊராக ஓடிய கால் ஒரு இடத்தில் நின்று பழகிவிட்டது.

அடியார்களே, உங்களில் யாராவது படிப்பையோ தொழிலையோ பாதியில் விட்டுவிட்டு இனிமேல் என்ன என்று உட்கார்ந்திருக்கலாம். அன்றைய என்னைவிடக் குறைவாகப் படித்தவர்கள் இதை வாசிப்பவர்களில் அதிகம் இருக்கமாட்டார்கள். முருகனிடம் கேளுங்கள். ஆனால் செய்யக்கூடாததைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்க் கேட்காதீர்கள். அவன் நமக்காகப் பரீட்சை எழுதித் தரமாட்டான். உட்கார்ந்து எழுத ஒரு இடம் தருவான். அதை யார் கையால் தருவான் என்று முன்கூட்டிச் சொல்லவும் மாட்டான். நாளைக் காலையில் குளித்துவிட்டு அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்.