தட்டில் கிடந்த குழாய்

கடலூர் வீட்டு வாசலில் தம்பி அப்பாவின் பழைய பைக்குக்குப் பின்சக்கரம் மாட்டிக்கொண்டிருக்கிறான். கிரீஸ் வாசனை வந்ததுமே எனக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வருகிறது.

அப்போது நாங்கள் கிள்ளையில் இருந்தோம். அன்று விடாத மழை. பஸ் வரவில்லை. அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போக இந்த பைக்தான் உண்டு. கரகரவென்று சத்தம் வருகிறதென்று அன்று காலையில்தான் அப்பா பின்சக்கரத்தைப் பிரித்திருந்தார். கழற்றியதெல்லாம் சோற்றுத் தட்டில் கிடந்தது.

அவசர அவசரமாக கிரீஸ் அப்பி, பேரிங்குகளைத் தட்டி இறக்கி, சக்கரத்தை மாட்டி நட்டை முறுக்கினார். சக்கரம் சுற்றவில்லை. பிரேக்கைத் தளர்த்தினார். அப்போதும் சுற்றவில்லை.

"யாரும் பேசாதீங்க!" என்று கத்தினார். யாரும் பேசியிருக்கவில்லை.

கதவைப் பிடித்து நின்ற அம்மா பல்லைக் கடித்தபடி கேட்டாள்: "ஏங்க, தட்டுல ஒரு கொழா கெடக்குதே, அது எதுக்கு?"

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் போகவேண்டிய குழாய் அது; அது இல்லாமல் நட்டை முறுக்கினால் பேரிங்குகள் இறுகிச் சக்கரம் சுற்றாது. அப்பா எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் தம்பி பிறந்தான்.

"முடிஞ்சிச்சிக்கா, ஏறு. ஒரு ரவுண்டு போவலாம்" என்கிறான் இப்போது. சக்கரம் நன்றாகத்தான் சுற்றுகிறது. நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

அவனுக்குப் புரிகிறது. கழற்றியதைப் போட்டுவைத்திருந்த தட்டை எடுத்துக் கவிழ்த்துக் காட்டுகிறான். எதுவும் விழவில்லை.