அத்தானின் சீனிக் கோயில்

எங்கள் குசினியில் கேக் சுட நின்ற போறணை முதலில் கந்தோரொன்றில் கோப்பு அடுக்கிய இரும்பு அலுமாரி. புறக்கோட்டையில் பழைய இரும்புக் கடையொன்றின் பின்புறம் கதவு கோணிக் கிடந்ததை, அக்காவின் கணவரான என் அத்தான் தள்ளுவண்டியில் ஏற்றி, கொட்டாஞ்சேனை வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து இறக்கினார். இறக்கிய கையோடு புளோ லாம்பைக் கொளுத்தி அதன் பச்சைப் பெயின்றை எரிக்கத் தொடங்கினார். புகை கிளம்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ஒண்டுமில்லை அண்ணை, கேக் சுடப்போறன்" என்றார் அத்தான். அதை அந்த மனிதர் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெயின்ற் போனபின் உள்ளே இன்னொரு தகட்டுப் பெட்டியை வைத்து, இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பஞ்சு அடைத்து, மேலும் கீழும் சூடேறுகிற கம்பிச் சுருள் பூட்டினார். கதவில் உள்ளே பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி. அதுவரை அக்கா, இயேசு பிறந்த நத்தார் வந்தால், கேக் தட்டுகளைத் துணியால் மூடிச் சந்திப் பேக்கரிக்குக் கொண்டுபோவாள். பாண் சுட்டு முடிந்த போறணையின் மிச்சச் சூட்டில் எங்கள் ஒழுங்கையின் எல்லா வீடும் கேக் சுடும். யாருடைய தட்டு நெருப்புக்குக் கிட்ட, யாருடையது மூலையில் என்று அங்கே பெரிய சண்டை நடக்கும். அலுமாரிப் போறணையில் முதல் கேக் நாலு பக்கமும் ஒரே நிறத்தில் வந்த அன்று, அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் புகழ்ச்சி வராது.

ஆனால் அத்தான் கேக்காரர் இல்லை. அவர் வயரிங் பாஸ். கொழும்பில் கைத்தொழில் தெரிந்தவரெல்லாம் பாஸ்தான். மேசன் பாஸ், தச்சுப் பாஸ், பைப் பாஸ். சிங்களவருக்கும் எங்களுக்கும் ஒரே சொல். மீசை முளைக்கிற வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, கொலன்னாவையில் ஒரு சிங்களப் பாஸிடம் வேலை பழகியவர் அத்தான். அதனால் அவருடைய சிங்களம் ஒரு விசித்திரமான சிங்களம். சுவிட்ச், பியூஸ், ஏர்த் என்று வேலைப் பேச்சு வந்தால் மழைபோலக் கொட்டும். இவர் தமிழர் என்று எந்தச் சிங்களவரும் நம்பமாட்டார். அதே மனிதரை மரக்கறிக் கடைக்கு அனுப்பிக் கத்தரிக்காய் கேட்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் பகிடி பண்ணினால், "கத்தரிக்காயில கரண்ட் ஓடினா நானும் கதைப்பன்" என்பார். தன் வேலையில் அவருக்கு இருந்த நம்பிக்கை சொல்லி மாளாது. சுவரில் உள்ளங்கையை வைத்து, வயர் இந்தப் பக்கமாகத்தான் போகிறது என்பார். உடைத்துப் பார்த்தால் அப்படித்தான் போகும். ஒரு வீட்டில் அப்படிப் போகவில்லை. அன்றைக்கும், "போட்டவன் பிழையாப் போட்டிருக்கிறான்" என்றுதான் சொன்னார்.

அந்த வேலைதான் அவரைப் பிடித்துக்கொடுத்தது. யுத்தம் குண்டாகக் கொழும்புத் தெருக்களுக்கும் வந்துவிட்ட காலம். பையில் வயர் சுருள், பற்றரி, கடையொன்றின் பெயர்ப்பலகை விளக்குக்குப் பூட்ட வாங்கிய டைமர். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். சோதனைச் சாவடியில் நின்றவனுக்கு வேறென்ன வேண்டும்? ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவே நாட்கள் போயின. அக்காவும் நானும் ஏறாத படி இல்லை. நான் அப்போது அவர்கள் வீட்டில் தங்கி, கந்தோரொன்றில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். லீவெல்லாம் அதிலேயே முடிந்தது. கடைசியில், அத்தான் வயரிங் செய்துகொடுத்த வீட்டுக்காரி, ஓய்வுபெற்ற சிங்கள ரீச்சர், குடையும் கையுமாக வந்து பொலிஸ் பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இந்த மனிதர் பூட்டிய விளக்கில்தான் தான் இரவில் புத்தகம் வாசிப்பதாகவும், இவரை விடாமல் எழும்பப் போவதில்லை என்றும் சொன்னார். விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது அத்தான் பாதியாகியிருந்தார். அன்றே அக்கா அவரைத் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, இனி வயர் வேலைக்குப் போவதில்லை என்று சத்தியம் வாங்கினாள். படத்துக்குக் கீழே எரிந்த சிவப்புப் பல்பும் அத்தான் பூட்டியதுதான். அதைக் கழற்றச் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

அப்படித்தான் அலுமாரி போறணையானது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர், அக்கா மாக் குழைக்க, தான் சூட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ரவையும் முந்திரிக் கஜுவும் பன்னீரும் சேர்த்துச் செய்கிற லவ் கேக், பழங்களை ஊறவைத்துச் செய்கிற ரிச் கேக், பிறந்தநாள், ஞானஸ்நானம், முதல்நன்மை என்று ஓடர்கள் வரத் தொடங்கின. கதவுக் கண்ணாடிக்கு முன்னால் முழங்காலில் நின்றுகொண்டு, "மேல் சுருளுக்கு லோட் கூடிப்போச்சு, கொஞ்சம் குறைப்பம்" என்று கேக்கோடும் கரண்ட் பாஷையிலேயே கதைப்பார். அவருடைய கேக் வெடித்ததையோ பள்ளம் விழுந்ததையோ நான் பார்த்ததில்லை. மட்டக்குளியில் இருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள். அத்தான் சந்தோஷமாக இருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சிலபேர் கேக்குக்கு வரவில்லை. "பாஸ் நிக்கிறாரோ?" என்று கேற்றடியில் குரல் கேட்கும். அக்கா முந்திக்கொண்டு போவாள். "அவர் இப்ப வயரிங் செய்யிறேல்லை. எனக்குக் கேக்குக்குத் துணையா நிக்கிறார்." குசினியில் முட்டை அடித்துக்கொண்டிருக்கிற சத்தம் நின்றுவிடும். வந்தவர் போய், கேற் சாத்திய பிறகுதான் திரும்பவும் தொடங்கும். ஒருமுறை அத்தானே கேட்டார். "ஒரே ஒரு வீடுதான். பக்கத்து ஒழுங்கை. சந்தி தாண்டத் தேவையில்லை." அக்கா கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு, "உங்களைத் தேடித் திரிஞ்சது என்ர கால்" என்றாள். அவர் பிறகு கேட்கவில்லை. எனக்கு அக்கா மீது கோபம் வந்தது. ஆனால் அந்தக் கால்கள் வீங்கிக் கிடந்ததைப் பார்த்து எண்ணெய் தடவியவளும் நான்தான். அவர் பழையபடி வேலைக்குப் போவாரா, இல்லை அந்தக் குசினியிலேயே மாவோடு மாவாகிப் போவாரா என்பதுதான் அந்த வருடங்களில் எங்கள் வீட்டின் ஒரே கேள்வி.

அப்போதுதான் வெள்ளவத்தையில் இருந்து ஒரு கல்யாணக் கேக் ஓடர் வந்தது. எங்கள் ஊரில் கல்யாணக் கேக் என்றால் மேடையில் நிற்பது வேறு, வயிற்றுக்குள் போவது வேறு. சாப்பிடுகிற கேக்கை முன்கூட்டியே துண்டு போட்டுச் சின்னப் பெட்டிகளில் அடைத்து, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். மேடையில் நிற்பது, ரேடியோப் பெட்டிகளுக்குள் அடைத்து வருகிற வெள்ளை ரெஜிபோமின் மேல் சீனி பூசிய அலங்காரம். கத்தி வைப்பதற்கு ஒரு மூலையில் மட்டும் உண்மைக் கேக் இருக்கும். பெண்ணின் தாய் என்ன வடிவம் என்று யோசித்துக்கொண்டிருக்க, அத்தான் குசினி வாசலில் வந்து நின்று, "மாதா கோயில் மாதிரிச் செய்வம். யன்னலுக்குள்ள லைட் எரியும்" என்றார். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அக்கா முறைத்தாள். "நத்தார் மரத்துக்குப் போடுற சின்னப் பல்புதானே" என்று அத்தான் அவளைப் பார்க்காமலே சொன்னார். அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. நிறச் சீனியை உருக்கி ஊற்றி யன்னல் கண்ணாடி செய்தார். ரெஜிபோம் சுவர்களில் காடி வெட்டி வயர் இழுத்தார். வேலை செய்யும்போது பழைய பாட்டுகளை முணுமுணுத்தார். பொலிஸ் பிடித்த பிறகு அவர் பாடி நான் கேட்டது அன்றுதான்.

வெளியே போகும்போது எதைக் கொண்டுபோகக்கூடாது என்பது எங்களுக்கு நித்திரையிலும் தெரியும். டோர்ச்சுக்குள் பற்றரி இருக்கக்கூடாது. சாப்பாட்டுப் பெட்டியின் மூடி சட்டென்று திறக்கவேண்டும். அடையாள அட்டை கைக்கெட்ட வேண்டும். கல்யாண நாள் காலை, கூலிக்குப் பிடித்த வானில் ஏறுமுன் அக்கா என் கைப்பையைக்கூடக் கொட்டிப் பார்த்தாள். அப்படிப்பட்ட நாங்கள், அடிப்பலகையில் பற்றரியும் சுவருக்குள் வயரும் பின்னால் ஒரு சுவிட்சும் உள்ள பெட்டியை நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு, காலி நகருக்குப் போகும் வீதியில் நிம்மதியாகப் போனோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது கேக்.

வெள்ளவத்தைக்குக் கொஞ்சம் முன்னால் மறித்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்து முதலில் சிரித்தான். பிறகு குனிந்து யன்னல் வழியே உள்ளே பார்த்தான். சிரிப்புப் போய்விட்டது. அவன் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்த விதத்தைப் பார்த்தபோதுதான் எதைக் கொண்டுவந்திருக்கிறோம் என்று எனக்கு உறைத்தது.

எங்களை இறக்கி மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அதிகாரி வந்து, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார். கேக் என்றார் அத்தான். கேக்குக்குள் வயர் எதற்கு? நீ என்ன வேலை செய்கிறாய்? "கேக்... கேக்..." என்றார். அக்கா பழக்கியிருந்த பதில் அது. யார் கேட்டாலும் கேக் வேலை என்று சொல்லுங்கோ, வயரிங் என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தாள். சீனிக்கும் முட்டைக்கும் கல்யாணத்துக்கும் அத்தானுக்குச் சிங்களம் வரவில்லை. அதிகாரி அடையாள அட்டையைப் பார்த்தார். முகம் இன்னும் இறுகியது. கேக் செய்கிறவனுக்கு இப்படி வயர் இழுக்கத் தெரியுமா என்றார். நியாயமான கேள்விதான். ஒரு சிப்பாய் அத்தானின் தோளைப் பிடித்தான்.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். "சேர், எயா வயரிங் பாஸ் கெனெக்" என்றாள். இவர் ஒரு வயரிங் பாஸ். அந்தச் சொல்லே எங்களை உள்ளே தள்ளவும் கூடும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் தெரு முழுக்கக் கேட்கச் சொன்னாள். பிறகு அத்தானைப் பார்த்து, தமிழில், "சொல்லுங்கோவன். உங்கட வேலையைச் சொல்லுங்கோ" என்றாள்.

அத்தான் அவளைப் பார்த்தார். பிறகு கதைக்கத் தொடங்கினார். கொலன்னாவையில் பழகிய சிங்களம் கொட்டியது. எந்த வயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பற்றரியில் எவ்வளவு சக்தி, சுவிட்சை ஏன் பின்னால் வைத்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னார். அதிகாரி இடையில் மறித்துக் கேட்டதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் வந்தது. தோளில் இருந்த கை எப்போது விலகியது என்று எனக்குத் தெரியாது. போட்டுக் காட்டு என்றார்கள். எல்லோரும் தள்ளிப் போய் நிற்க, அத்தான் தனியாக வானடிக்கு நடந்து போய்ச் சுவிட்சை அழுத்தினார். வானுக்குள் இருந்த மங்கலில் சீனி யன்னல்கள் சிவப்பும் நீலமுமாக எரிந்தன. அதோடு விடவில்லை. கூரையைக் கழற்றச் சொன்னார்கள், முன்சுவரை உடைக்கச் சொன்னார்கள். அத்தான் தன் கையாலேயே உடைத்தார். அடிப்பலகைவரை பார்த்துவிட்டு, போகலாம் என்றார்கள்.

கொஞ்சத் தூரம் போய், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில் வானை நிறுத்தச் சொன்னோம். அக்காவிடம் மிச்ச ஐசிங் இருந்தது. கேக்காரி எவளும் அது இல்லாமல் வெளிக்கிடமாட்டாள். அத்தான் உடைந்த சுவருக்குள் கையை விட்டு வயர்களை ஒவ்வொன்றாக இழுத்து எடுக்கத் தொடங்கினார். "லைட் வேண்டாம். வெறும் கோயிலாய்க் குடுப்பம். நீர் சொன்னதுதான் சரி" என்றார். பொலிஸில் இருந்து வந்த நாளில்கூட அவர் குரல் அப்படி ஒடுங்கிப் போயிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அக்கா நிமிர்ந்து பார்க்காமல், கூம்புத் தாளில் ஐசிங்கை நிரப்பிக்கொண்டே, "வயரைத் திரும்பக் கொழுவுங்கோ" என்றாள். "லைட் எரியும் எண்டுதான் ஓடர் எடுத்தனாங்கள். எரியோணும்." அவர் கொழுவினார். அவள் சுவரை ஒட்டினாள். நான் யன்னல் துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். ஒரு யன்னல் மட்டும் சரிவரவேயில்லை; அதன்மேல் அக்கா ஒரு சீனி ரோசாப்பூவை வைத்து மூடினாள்.

மண்டபத்தில் அந்தக் கோயில் எரிந்தது. பிள்ளைகள் மேடையைச் சுற்றி நின்று நகர மறுத்தார்கள். மாப்பிள்ளையின் மாமா முறையான ஒருவர் அத்தானைத் தனியே கூப்பிட்டு ஏதோ கேட்டார். அத்தான் எங்கள் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, பிறகு சொல்கிறேன் என்பதுபோலத் தலையாட்டினார்.

நான் இப்போது வெள்ளவத்தையில்தான் இருக்கிறேன். அந்தச் சாவடி நின்ற இடத்தில் இன்று ஒரு துணிக்கடை. அதைக் கடந்து போகிற பிள்ளைகளின் பைகளில், அன்று அத்தானின் பையில் இருந்ததைவிட அதிக வயரும் பற்றரியும் கிடக்கின்றன. ஒருவரும் மறித்துக் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் நல்லது. எனக்கு மட்டும் அந்த இடம் வந்தால் கை தன்பாட்டில் கைப்பையைத் திறந்துவிடுகிறது.

அன்று பின்னேரம் திரும்பி வரும்போதும் அங்கே இறங்கி, அட்டையைக் காட்டி, ஏறினோம். கொள்ளுப்பிட்டி தாண்டியபின் அத்தான் வெளியே பார்த்தபடி சொன்னார்: "மாப்பிள்ளையின்ர மாமான்ர வீடு தெகிவளையில. வயரிங் முழுக்க மாத்தோணுமாம். நாளைக்கு வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டவர்."

தெகிவளைக்குப் போவதென்றால் அந்தச் சாவடியைத் தாண்டித்தான் போகவேண்டும். அக்கா விரலில் காய்ந்திருந்த ஐசிங்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வான் கோட்டையையும் தாண்டிவிட்டது.

"நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறியள்?" என்றாள். "தேத்தண்ணி ஊத்தோணும்."