கேசட் கடைசிவரை ஓடட்டும்

போன வருடம் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது நான் வேலை செய்யும் சின்ன ஆவணக் காப்பகம். கீழே கால் வைக்க இடமில்லாத கூட்டம். மேலே நானும் என் மேலதிகாரியும், அலமாரி நிறையப் பழைய படங்களும் கேசட்டுகளும்.

நான் அங்கே சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன் பாதி ஆயுளைச் சரக்குக் கப்பல் கம்பெனியில் கழித்தவள். எந்தக் கண்டெய்னர் எந்தக் கப்பலில் ஏற வேண்டும், ஏறாவிட்டால் யாரைத் திட்ட வேண்டும் என்பதுதான் வேலை. திட்டுவதில் நல்ல பெயர் வாங்கியிருந்தேன். கம்பெனியில் ஆட்குறைப்பு செய்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். சரி, பிடித்த வேலையையாவது செய்வோம் என்று நாற்பது வயதுக்கு மேல் மறுபடி படித்து ஆவணக் காப்பாளர் ஆனேன். "வீடு வீடா பழைய பேப்பர் எடுக்குற காராங்கூனிகூட உன்ன விட ஜாஸ்தி சம்பாதிப்பான் லா" என்று என் கணவர் சிரித்தார்.

என் மேலதிகாரி என்னைவிடப் பத்து வயது சின்னவள். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். குரலை உயர்த்தவே மாட்டாள், வாய் நிறைய 'அக்கா' என்பாள், ஆனால் ஒரு இம்மி விட்டுக்கொடுக்க மாட்டாள். கேசட்டைக் கணினியில் பதிவு செய்யும்போது இரண்டு பக்கமும் கடைசிவரை ஓட வேண்டும், நாமும் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்க வேண்டும் என்பது அவள் சட்டம். வெற்று இரைச்சலாக இருந்தாலும் கேட்க வேண்டும். ஒரு நாள் பொறுமையில்லாமல் கேசட்டை வேகமாக முன்னால் ஓட்டிவிட்டு மாட்டிக்கொண்டேன். "அதுல ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கும் முழுசா கேட்டிருக்கணும் அக்கா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நேரத்தில் நான் ஒரு கப்பலையே அனுப்பியிருப்பேனே என்று மனசுக்குள் முணுமுணுத்தேன். அந்த வாரம் பார்த்துப் பழைய மேனேஜர் வேறு கம்பெனிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். போய்விடலாமா என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சட்டையை இன் செய்து, தலையைப் படிய வாரி, நேர்முகத் தேர்வுக்கு வருகிறவரைப் போல வந்து உட்கார்ந்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்தார். மேலே 'அண்ணனுக்கு' என்று எழுதியிருந்தது. இறந்துபோன மனைவியின் கையெழுத்தாம். போனில் பேசினால் கட்டுப்படியாகாத காலத்தில், ஊரில் இருந்த அண்ணனுக்கு அந்தம்மா கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவாராம். அண்ணன் வீட்டைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாகச் சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"முகம் படத்துல இருக்கு மா. குரல்தான் எனக்கு மறந்துபோச்சு. எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்குது" என்றார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. அப்படியே போட்டால் நாடா அறுந்துவிடலாம். சுத்தம் செய்து வைக்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். அடுத்த வாரம் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

ஹெட்போனை மாட்டிவிட்டு, நானும் இன்னொன்றை மாட்டிக்கொண்டு கேசட்டை ஓடவிட்டேன். ஒரு ஆண் குரல் வந்தது. "தங்கச்சி, நல்லா இருக்கியா? நீ குடுத்தனுப்புன சீலை, தைலம் எல்லாம் வந்து சேந்துச்சு..."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. புதுக் கேசட்டுக்கு எதற்குச் செலவு என்று, தங்கை அனுப்பிய கேசட்டிலேயே அவள் பேச்சை அழித்துவிட்டுப் பதில் பேசியிருக்கிறார் அண்ணன். பிறகு திருப்பி அனுப்ப ஆள் கிடைக்காமல் அங்கேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. நம் வீடுகளில் எல்லாரும் செய்ததுதான். ஒரு பக்கம் முழுக்க அண்ணன் பேசினார். மறுபக்கத்தில் அண்ணி வந்தார், மழை வந்தது, யார் யாருடைய கல்யாணமோ வந்தது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். கடைசியில், "சரி, வச்சிடறோம் தங்கச்சி" என்ற குரலும், டக் என்று ஒரு சத்தமும். பிறகு வெறும் இரைச்சல்.

பெரியவர் ஹெட்போனைக் கழற்றப் போனார். அவரை இன்னும் உட்கார வைத்து வதைக்க எனக்கு மனமில்லை. என் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விட்டது. ஆனால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலதிகாரி இருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஞானமெல்லாம் வரவில்லை, அந்தச் சின்னப் பெண்ணிடம் மறுபடி பேச்சு வாங்கக் கூடாது என்றுதான் கையை இழுத்துக்கொண்டேன். "இன்னும் கொஞ்சம்தான் அங்கிள், ஓடட்டும்" என்றேன்.

இரைச்சலுக்குள் எங்கோ தூரத்தில் ஒரு குக்கர் விசில் அடித்தது. யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்து வந்தார்கள். பிறகு, மைக்குக்கு மிகப் பக்கத்தில், ஒரு பெண் குரல். "அடுப்ப அணைச்சிட்டு வந்தேன் அண்ணே. என்ன சொல்லிட்டிருந்தேன்?"

அண்ணனுடைய பேச்சு முடிந்த இடத்துக்கு அப்பால், அழிபடாமல் அந்தம்மா மிஞ்சியிருந்தார். கொஞ்ச நேரம்தான். புது வீட்டில் காற்று நன்றாக வருகிறது என்றார். மீன் விலையைச் சொன்னார். நடுவே இரும்புக் கேட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அந்தக் குரல் சட்டென்று மாறியது, அவசரமும் சந்தோஷமுமாக. "அவரு வந்துட்டாரு அண்ணே. வச்சிடறேன்."

டக்.

பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் மா. அந்த கேட் சத்தம், அது நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அழுதார், சிரித்தார். நானும் அழுதேன். எட்டிப் பார்த்த மேலதிகாரி டிஷ்யூ பெட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

அவர் போனில் அந்தப் பதிவைப் போட்டுக் கொடுத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், யாருடனோ பேசுகிறவரைப் போல போனைக் காதில் வைத்துக்கொண்டு ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். பழைய மேனேஜரிடம், நான் வரவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

இப்போதெல்லாம் சாயங்காலம் எங்கள் வீட்டுக் கேட்டில் என் கணவரின் சாவி திரும்பினால், கையில் எந்த வேலை இருந்தாலும், "வந்துட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை சத்தமாகவே கேட்டுவிடுகிறேன். எனக்குப் பிறகு அவருக்கு என் குரலில் எது மிஞ்சும் என்று யாருக்குத் தெரியும்?